பிழைத்ததற்கு நன்றி சொல்ல ஏன் கூசுகிறது?

கேள்வி: பட்டுக்கோட்டைக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். எனக்கு வயது 46. கஜா புயல் அடித்த இரவில் எங்கள் ஓட்டு வீட்டின் கூரை போய்விட்டது. வரப்புத் தகராறில் பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாமலிருந்த பக்கத்து வீட்டார்தான் கதவைத் திறந்து எங்களையும் மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் தங்கள் மாடி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள். விடிந்து பார்த்தபோது எங்கள் தென்னந்தோப்பில் பத்து மரங்கள்கூட நிற்கவில்லை. எங்கள் தெருவில் மண்சுவர் விழுந்து ஒரு பாட்டி இறந்துபோனார். "உயிர் பிழைத்தீர்களே, அதற்கு நன்றி சொல்லுங்கள்" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். நானும் மனதாரச் சொன்னேன். ஆனால் சொல்லும்போதெல்லாம் அந்தப் பாட்டியின் முகம் நினைவுக்கு வந்து கூசுகிறது. இப்போது மறுபடி நட்ட தென்னம்பிள்ளைகள் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. முதல் காய்களை வைத்துக் குலதெய்வத்துக்குப் பொங்கலிட வேண்டும் என்கிறார் மாமியார். "எடுத்துக்கொண்டதற்கா நன்றி?" என்று கேட்டுவிட்டு என் கணவர் எழுந்து போய்விட்டார். காற்று பலமாக வீசினால் அவர் இரவெல்லாம் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வரும் நன்றியுணர்வு தவறா? அவருக்கு அது வராதது நோயா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் முதலிலேயே நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வரும் நன்றியுணர்வு தவறன்று. உங்கள் கணவருக்கு அது வராமலிருப்பது நோயுமன்று. ஆனால் காற்று வீசும் இரவுகளில் அவர் தூங்குவதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை இந்தப் பொங்கல் விவகாரத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதைப் பற்றிச் சற்றுப் பின்னால் விரிவாக எழுதுகிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 120 கிலோமீட்டர் வேகத்திலும் வீசியதாக வானிலைத் துறை தெரிவித்தது. வெளியூரில் இருந்தவர்களுக்கு அது செய்தி. இருட்டில், தலைக்கு மேல் ஓடுகள் பறக்க, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நின்ற உங்களுக்கு, அடுத்த நிமிடம் சுவரும் விழுந்துவிடும் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மையாகவே தோன்றியிருக்கும். சாவை அவ்வளவு அருகில் எதிர்பார்த்த மனம், விடிந்ததும் எல்லோரும் உயிரோடு இருப்பதைக் கண்டபோது, நடந்ததையும் நடந்திருக்கக்கூடியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்திலிருந்துதான் இந்த நன்றியுணர்வு பிறக்கிறது. அதை நீங்கள் வரவழைக்கவில்லை, ஆகவே அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் தேவையில்லை.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. 1992 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தின் தென்பகுதியைச் சிதைத்த ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பிறகு அங்கிருந்த பெற்றோர்களிடம் நேர்காணல்கள் நடத்தப்பட்டன. வீட்டை மறுபடி எழுப்பப் படும் பாட்டைச் சொல்லிக்கொண்டே, இழக்காமல் மிஞ்சியவற்றுக்கான நன்றியையும் அவர்கள் அழுத்தமாகச் சொன்னார்கள். 2001 செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட பிறகு பார்பரா ஃபிரெட்ரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்தபோதும், துக்கமும் கோபமும் அச்சமும் இருந்த அதே மனங்களில் நன்றியுணர்வும் இருக்கக் கண்டார்கள். துக்கம் வடிந்த பிறகுதான் நன்றி வரும், நன்றி வந்துவிட்டால் துக்கம் போய்விட்டது என்று பொருள் என நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மனம் அப்படி வரிசை வைத்து நடப்பதில்லை. இரண்டும் ஒரே நாளில், சில வேளைகளில் ஒரே மூச்சில் வரும்.

அப்படியானால் அந்தப் பாட்டியின் முகம் ஏன் குறுக்கே வருகிறது என்று கேட்பீர்கள். பேரிடரில் பிழைத்தவர்கள் பலருக்கு இந்தக் குற்றவுணர்வு வருவதுண்டு. உங்கள் விஷயத்தில் அது எந்த இடத்தில் குத்துகிறது என்று பார்க்கலாம். "கடவுள் எங்களைக் காப்பாற்றினார்" என்று சொல்லும்போது, சொல்லாமல் விட்ட பாதி ஒன்று உங்கள் காதில் விழுகிறது: அப்படியென்றால் பாட்டியைக் காப்பாற்றவில்லையா, நாங்கள் வேண்டியவர்கள், அவர் வேண்டாதவரா? உங்கள் நெஞ்சின் நேர்மைதான் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. அந்தக் கேள்விக்குச் சமய வழியில் என்ன விடை என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. மருத்துவராக நான் சொல்லக்கூடியது, அந்த இரவில் யார் பிழைத்தார்கள் என்பதைத் தீர்மானித்தவற்றில் பல, கண்ணுக்குத் தெரிந்த, கைக்கு எட்டுகிற காரணங்கள் என்பதுதான்.

அவற்றை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். நவம்பர் 11 அன்றே வங்கக்கடலில் புயலாக உருவெடுத்துப் பெயரும் பெற்றுவிட்ட கஜா, கரைக்கு வந்து சேர ஐந்து நாள் ஆயிற்று. அந்த நாட்களில் அதன் போக்கைக் கணித்து எச்சரித்துக்கொண்டே இருந்தவர்கள் இருந்தார்கள். அந்த எச்சரிக்கையின் பேரில் 80,000-க்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே நிவாரண முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்குக் கான்கிரீட் கூரை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களோடு பேசாதிருந்த ஒரு குடும்பம் அந்த நேரத்தில் கதவைத் திறந்தது. திறக்காமலும் இருந்திருக்கலாம். புயல் ஓய்ந்த பிறகு, சாய்ந்துபோன லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களை நிமிர்த்தவும் மாற்றவும் பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளம், ஆந்திரம் முதலிய மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து, வயல் நீரிலும் சேற்றிலும் நின்று வேலை செய்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் கேரளமே பெருவெள்ளத்தில் சிக்கியிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இப்படிக் கைகளைப் பார்த்து, செயல்களைப் பார்த்துச் சொல்லப்படும் நன்றிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. யாரோ ஒருவர் கைவிடப்பட்டார் என்று ஒப்புக்கொண்டால்தான் நான் நன்றி சொல்ல முடியும் என்ற நிபந்தனை அதில் இல்லை. மாறாக, என்னைக் காத்தது கான்கிரீட் கூரை என்று அறிந்தவருக்கு, பாட்டியின் வீடு ஏன் மண்சுவராகவே இருந்தது, அவரை முகாமுக்கு ஏன் யாரும் அழைத்துப் போகவில்லை என்று கேட்கும் உரிமையும் வந்துவிடுகிறது. நன்றியுள்ளவர்கள் குறை சொல்லக் கூடாது என்று நம் ஊர்களில் ஓர் எண்ணம் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. பிரதான சாலையோரக் கிராமங்களில் நிவாரண வண்டிகள் நின்றுவிட, உள்ளே இருந்த ஊர்கள் நாள்கணக்கில் காத்திருந்ததற்காகக் கோபப்பட்டவர்களும், பாயும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்த முன்பின் தெரியாத இளைஞர்களைக் கையெடுத்துக் கும்பிட்டவர்களும் பல இடங்களில் ஒரே மனிதர்கள்தான். அதில் முரண் ஏதுமில்லை.

"உயிர் பிழைத்தீர்களே" என்ற ஆறுதலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கணவரின் கோபம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். சொன்னவர்கள் அன்போடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கேட்பவருக்கு அது, உயிர் மிஞ்சியவன் மரத்துக்காக அழலாமா என்ற தடையாகப் போய்ச் சேர்கிறது. நெட்டைத் தென்னை நன்றாகக் காய்க்க ஆறேழு ஆண்டுகளாகும். காய்க்கத் தொடங்கினால் அறுபது ஆண்டுகளும் அதற்கு மேலும் காய்க்கும். ஒரு தோப்பு என்பது தகப்பன் நட்டு, மகன் தண்ணீர் பாய்ச்சி, பேரன் படிப்புக்குப் பணம் தருவது. அப்படிப்பட்ட மரம் ஒன்றுக்கு அரசு அறிவித்த இழப்பீடு 600 ரூபாய், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய். ஓர் இரவில் மூன்று தலைமுறையின் உழைப்பு சாய்ந்து கிடப்பதைப் பார்த்தவர், அதற்கு மேல் சாய்ந்த மரங்களை அறுத்து அகற்றவும், கிடந்து மக்கிய மரங்களில் பெருகிய காண்டாமிருக வண்டிடமிருந்து புதுப் பிள்ளைகளைக் காக்கவும் பாடுபட்டவர், அதைத் துக்கமாகச் சொல்ல ஒரு நாள்கூட இடம் பெறாமல் போயிருந்தால், நன்றி என்ற சொல்லே அவருக்கு வாயடைப்பாகத்தான் படும். "எடுத்துக்கொண்டதற்கா நன்றி?" என்று அவர் கேட்டது நன்றிகெட்டதனம் அன்று. என் இழப்பை யாராவது இழப்பு என்று சொல்லுங்கள் என்று அவர் கேட்கிறார்.

ஆகவே பொங்கலுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அவரோடு தோப்புக்குப் போய், எந்தெந்த மரம் எங்கே நின்றது, யார் நட்டது, எது நன்றாகக் காய்த்தது என்று அவர் வாயால் சொல்லக் கேளுங்கள். இடையில் ஆறுதல் சொல்ல வேண்டாம். "அதுதான் இப்போது காய்க்கிறதே" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அவர் அழுதால் அழட்டும், எரிச்சல்பட்டால் படட்டும், பேசாமல் திரும்பினால் இன்னொரு நாள் போங்கள். ஆனால் புயல் இரவில் என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு நிமிடமாகச் சொல்லச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. பேரிடரில் தப்பியவர்களை உட்காரவைத்து அனைத்தையும் கொட்டச் செய்வது நல்லது என்று முன்பு கருதப்பட்டது. இன்று உலக சுகாதார நிறுவனம் முதலான அமைப்புகள் அதைப் பரிந்துரைப்பதில்லை. அவராக எவ்வளவு சொல்கிறாரோ அவ்வளவு போதும்.

இனி அவருடைய தூக்கத்துக்கு வருகிறேன். 2005-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்த கத்ரீனா சூறாவளியில் தப்பிய, வருமானம் குறைந்த தாய்மார்களை ஆய்வாளர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களைப் பற்றிய விவரங்கள் சூறாவளிக்கு முன்பே வேறொரு காரணத்துக்காகத் திரட்டப்பட்டிருந்ததால், முன்பிருந்த நிலையோடு ஒப்பிடவும் முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடியின் அறிகுறிகள் தீவிரமாகவே நீடித்தன. இன்னொன்றும் தெரியவந்தது: வாழ்க்கையை மதிக்கக் கற்றுக்கொண்டேன், உறவுகள் நெருங்கின, நம்பிக்கை ஆழமாயிற்று என்று அதிகமாகச் சொன்னவர்கள், வேதனை குறைந்தவர்களாக இருக்கவில்லை. வேதனை மிகுந்தவர்களே அந்த மாற்றத்தையும் மிகுதியாகச் சொன்னார்கள். எனவே ஒருவர் நன்றியோடு பேசுகிறார் என்பதால் அவர் குணமாகிவிட்டார் என்றும், பேசவில்லை என்பதால் குணமாகவில்லை என்றும் முடிவு கட்ட முடியாது. உங்கள் கணவரை அவருடைய நன்றியைக் கொண்டு அளக்காதீர்கள். உங்களையும் அப்படி அளந்துகொள்ளாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் தைரியம் சொல்பவராக நீங்கள் இருப்பதாகத் தெரிகிறது, உங்கள் தூக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

காற்றுச் சத்தம் கேட்டதும் பல ஆண்டுகளுக்கு முந்தைய இரவு உடலுக்குள் மறுபடி நடக்கத் தொடங்குவது, அறிவுக்குக் கட்டுப்பட்ட விஷயமன்று. "இது சாதாரணக் காற்றுதான்" என்று அவருக்கும் தெரியும். தெரிந்தாலும் நெஞ்சு படபடக்கும், காது கூரையையே கவனித்துக்கொண்டிருக்கும். காற்றடிக்கும் சில இரவுகளில் மட்டும் இப்படி இருந்து, மற்ற நாட்களில் அவர் வழக்கம்போல வேலைக்குப் போய், பிள்ளைகளோடு பேசி, சாப்பிட்டு உறங்கினால், பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. திண்ணையில் அவருக்குப் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருங்கள். ஆனால் கெட்ட கனவுகள், எதற்கெடுத்தாலும் திடுக்கிடுதல், தோப்புப் பக்கம் போகவே மறுத்தல், முன்பில்லாத கோபம், மனிதர்களிடமிருந்து விலகுதல், குடிப் பழக்கம் கூடுதல் ஆகியவற்றில் சில சேர்ந்து வந்து, அவருடைய அன்றாடத்தைக் கெடுத்தால், மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இத்தனை ஆண்டு ஆகிவிட்டதே, இனி என்ன என்று நினைக்காதீர்கள். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சு சிகிச்சை முறைகள், தேவைப்பட்டால் அவற்றோடு மருந்துகள், பல ஆண்டு பழைய பாதிப்புக்கும் பயன் தருகின்றன. கடையில் தூக்க மாத்திரை வாங்கித் தருவதும், "இரண்டு வாய் குடித்தால் தூக்கம் வரும்" என்ற நண்பர்களின் யோசனையும் நிலைமையை மோசமாக்கும்.

ஒரு கேள்வியை அவரிடம் வெளிப்படையாகக் கேட்கச் சொல்கிறேன்: "செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பெரும்பாலும் கேட்கப்பட்டதே பாரத்தைக் குறைக்கும். புயலுக்குப் பிறகு உங்கள் வட்டாரத்தில் தென்னையை இழந்த விவசாயிகள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் வந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆம் என்று அவர் சொன்னால் தனியாக விடாமல், பூச்சிமருந்தை வீட்டிலிருந்தும் தோப்புக் கொட்டகையிலிருந்தும் அகற்றிவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பொங்கலை உங்கள் மாமியார் வைக்கட்டும். அவர் தலைமுறைக்கு நன்றி சொல்லும் வழி அது; அதை நிறுத்தினால் அவர் பங்குக்கு அவருக்கு ஒரு காயம். கணவர் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். வந்து தள்ளி நின்றாலும், வராமலே இருந்தாலும், அதைச் சண்டையாக்காதீர்கள். பாட்டியின் குடும்பத்தார் ஊரில் இருந்தால், முதல் காய்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய், அவரைப் பற்றிப் பேசிவிட்டு வாருங்கள். உங்களுடைய கூச்சத்தைப் பற்றி அங்கே பேச வேண்டாம், அதற்கு ஆறுதல் சொல்லும் சுமையை அவர்கள் மேல் ஏற்றக் கூடாது. பாட்டி எப்படிப்பட்டவர், உங்கள் பிள்ளைகளிடம் எப்படி இருந்தார் என்று நினைவுகூர்ந்தாலே போதும்.

பக்கத்து வீட்டாருக்கு நன்றி சொல்லிவிட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், இல்லை. அந்த இரவுக்குப் பிறகு பேச்சு மறுபடி தொடங்கியதா, வரப்புத் தகராறு என்ன ஆயிற்று என்பதும் இல்லை. மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளரின் குழு 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தமக்கு உதவி செய்தும் உரிய முறையில் நன்றி பெறாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் போய்க் கொடுத்தவர்களின் மனநிலை தெளிவாக மேம்பட்டு, அந்த மாற்றம் ஒரு மாதம்வரை நீடித்தது. நீங்கள் கடிதமெல்லாம் எழுத வேண்டியதில்லை. ஆனால் பொதுவாக "உங்கள் உதவியை மறக்க மாட்டோம்" என்று சொல்லி முடித்துவிடாமல், அவர்கள் செய்ததை விவரமாகச் சொல்லுங்கள்: எந்த நேரத்தில் கதவைத் திறந்தார்கள், யார் முதலில் மாமியாரின் கையைப் பிடித்தார்கள், பிள்ளைகளுக்குப் போர்த்த என்ன கொடுத்தார்கள், விடியும்வரை என்ன பேசினார்கள். தகராறு இன்னும் தீரவில்லை என்றாலும் சொல்லலாம். நிலத்தில் விட்டுக்கொடுத்தால்தான் நன்றி என்ற பேரம் இதில் கலக்க வேண்டாம், நில அளவையர் முன்னால் பேச வேண்டியதை அவர் முன்னால் பேசிக்கொள்ளலாம். தினமும் இரவில் நன்றிக்குரியவற்றைப் பட்டியலிடும் பயிற்சி பற்றி இப்போது எங்கும் படிக்க முடிகிறது. சிலருக்கு அது உதவுகிறது, ஆனால் பிழைத்ததற்கே கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதாகக் கூசுகிற உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் உங்கள் கணவருக்குக் கடினமான காலம் என்பதால், அது வலுப்பதற்கு முன்பே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மனநலம் என்ற சொல்லைக் கேட்டு அவர் தயங்கினால், தூக்கத்துக்காகப் போகிறோம் என்று சொல்லுங்கள், அது உண்மையும்தான். அவர் வர மறுத்தால், முதல் முறை நீங்கள் மட்டும் போய் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டு வாருங்கள். போகும்போது உங்கள் தூக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.